பெரிய ஸ்டேடியமா, ஆற்று மணலா? பந்து பார்க்கப் போன கதைகள்

அரசலாற்றங்கரை (கும்பகோணம்)

மகனைக் கூட்டிக்கொண்டு சென்னை நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி கால்பந்து ஆட்டம் ஒன்று பார்த்துவிட்டு வந்தேன். முடிந்ததும் எழும்பூருக்கு ஓட்டமும் நடையுமாகப் போய், உழவன் எக்ஸ்பிரஸைப் பிடித்து, விடியற்காலையில் ஊரில் இறங்கி ஒரு காபி குடித்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான். "நல்லாத்தான் இருந்துச்சுப்பா. ஆனா நம்ம ஆத்துல பாக்குற மாதிரி இல்ல."

எனக்கும் அதே எண்ணம்தான். காரணம் சொல்லத்தான் தெரியவில்லை. விளக்கு பகலாக எரிகிறது, புல்லைப் பார்த்தால் மாடு கட்டிப்போடத் தோன்றுகிறது, நீலச் சட்டைக்காரர்கள் தொண்ணூறு நிமிஷமும் மேளத்தை விடவில்லை. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பந்துக்கும் நமக்கும் நடுவில் ஓட்டப்பந்தயத் தடம் ஒன்று சுற்றி வருகிறது. கீப்பர் கையை ஆட்டி யாரையோ திட்டுகிறார், என்ன திட்டினார் என்று கடைசி வரை தெரியவில்லை.

எங்கள் அரசலாற்றில் தை மாதம் தண்ணீர் நின்று மணல் காய்ந்ததும் டோர்னமென்ட் ஆரம்பித்துவிடும். சவுக்குக் கம்பில் போஸ்ட், கிழிந்த மீன்வலையில் நெட், கோட்டுக்குச் சுண்ணாம்புத் தூள். மணலில் பந்து துள்ளாது, அதனால் எல்லாம் தூக்கிப் போடும் ஆட்டம்தான். கரையில் உட்கார்ந்து "வலது பக்கம் ஆளே இல்லடா" என்று நான் கத்தினால் அந்தப் பையன் திரும்பிப் பார்த்து அங்கே அடிக்கிறான். கோல் விழவில்லை என்றால் ஆட்டம் முடிந்து வந்து என்னிடமே சண்டை போடுகிறான்.

நாற்பதாயிரம் பேர் உட்காரும் இடத்தில் நான் கத்தினால் யார் கேட்பார்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பெரிசு, சிறிசு, வெளிநாடு, உள்ளூர் எதுவானாலும் சரி.

---

கல்லணை_கீப்பர்

அண்ணே, கீப்பர் என்ன திட்டினார் என்று நான் சொல்கிறேன். "ஆளைப் புடிடா." உலகம் பூரா ஒரே வசனம்தான்.

---

பொன்மலை_ரயில்வே (திருச்சி, ஓய்வு)

பெரிய ஸ்டேடியத்தை அப்படி எடுத்தெறிந்து பேச வேண்டாம் தம்பி. எண்ணிக்கைக்கு ஒரு ருசி உண்டு.

வேலை நிமித்தம் சில வருஷம் ஹவுரா பக்கம் இருந்தேன். 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியம், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, ஈஸ்ட் பெங்கால் - மோகன் பாகான், அந்த ஊரின் இரண்டு ஜென்ம வைரி கிளப்புகள். அன்று உள்ளே இருந்தவர்கள் 1,31,781 பேர் என்று பதிவாகியிருக்கிறது. அந்தக் கடைசி ஒன்று நான்தான் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

மோகன் பாகானுக்கு அமல் தத்தா கோச். 'டைமண்ட்' என்று ஓர் ஆட்டமுறை கொண்டுவந்து அந்த வருஷம் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தார். எதிர்ப்பக்கம் பி.கே. பானர்ஜி. வாய்ச்சண்டை ஒரு வாரமாகப் பேப்பரில் ஓடியது. ஆட்டம் 4-1, ஈஸ்ட் பெங்கால். பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்.

ஆட்டம் சரியாகத் தெரிந்ததா என்றால், தெரியவில்லை. நான் உட்கார்ந்த உயரத்திலிருந்து ஆட்டக்காரர்கள் எறும்பு. ஒரு கோல் விழுந்ததே பக்கத்து ஆள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கியபோதுதான் தெரியும். அவர் யார், நான் யார்? வங்காளத்தில் எனக்கு அப்போது பத்து வார்த்தை. ஆட்டம் முடிந்ததும் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தித் தீப்பந்தமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீன், மோகன் பாகான் ஜெயித்தால் இறால். மறுநாள் சந்தையில் இலிஷ் விலை எகிறியதையும் பார்த்தேன். இலிஷ் வேறொன்றுமில்லை, மேட்டூர் அணை வருவதற்கு முன்னால் நம் கொள்ளிடத்திலும் கடலிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்த உள்ளம் மீன்தான்.

---

அதிரை_லெஃப்ட்விங் (அதிராம்பட்டினம்)

நம்ம பக்கம் ஆற்றை விட்டால் வேறு மைதானமே இல்லாத மாதிரி எழுதுகிறீர்களே காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்). எங்கள் ஊருக்கு வாருங்கள். டோர்னமென்ட் என்றால் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் தெருவில் ஆளிருக்காது. மைக்கில் வர்ணனை செய்பவர் பேசுவதைக் கேட்கவே ஒரு கூட்டம் வரும். பந்து யாரிடம் இருக்கிறது என்று சொல்ல மாட்டார். "இவரு வாப்பாவும் இதே இடத்துலதான் இதே பந்தைக் கோட்டை விட்டாரு" என்பார்.

நான் கேரளா பிளாஸ்டர்ஸ் ஆள். கொச்சியில் மஞ்சள் கூட்டத்தோடு ஒரு ஆட்டம் நின்று பார்த்தேன், காது மூன்று நாள் அடைத்துக்கொண்டது. நின்றுகொண்டு பார்ப்பதில்தான் சுகம். சென்னைக்காரர்கள் அதில் பாதிச் சத்தமாவது போட்டுக் காட்டட்டும்.

---

நீலச்சட்டை_நாகை

2015-லும் 2017-18-லும் இந்தியன் சூப்பர் லீக் கோப்பை யார் வீட்டுக்கு வந்தது தம்பி? சத்தம் உங்களுடையது, கோப்பை எங்களுடையது.

---

மட்டுறுத்துநர்

சென்னை - கொச்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே மைதானத்தைப் பற்றி மட்டும்.

---

மாயவரத்துக்காரி

எல்லோரும் பேசி முடித்துவிட்டீர்களா? நான் ஒன்று கேட்கிறேன். ஆற்று மணல், சவுக்குக் கம்பு, கரையில் உட்கார்ந்து கத்துவது எல்லாம் சரி. அங்கே ஒரு பொம்பளை எங்கே உட்காருவது?

என் பெண் பள்ளிக்கூட டீமில் ஆடுகிறாள். அவளை அழைத்துக்கொண்டு உள்ளூர் ஃபைனல் ஒன்றுக்குப் போனேன். சுற்றி நானூறு ஆண்கள். மதில் மேலே, வேப்பமரத்து மேலே, டிராக்டர் மேலே. நாங்கள் நின்றது பம்ப்செட் ரூம் ஓரம். ஹாஃப் டைமில் கழிப்பறை எங்கே என்று கமிட்டிக்காரரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "வீடு பக்கத்துலதானே அக்கா?" என்றார். வீடு பதினொரு கிலோமீட்டர்.

நேரு ஸ்டேடியத்தில் எனக்கு சீட் நம்பர் இருந்தது. கழிப்பறை இருந்தது. நானும் பெண்ணும் தொண்டை கிழியக் கத்தினோம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களுக்கு யாரும் கேட்கவில்லையே என்று குறை. எனக்கு யாரும் பார்க்கவில்லையே என்று நிம்மதி.

இன்னொன்று. பெண்களுக்கான தேசிய சீனியர் சாம்பியன்ஷிப்பைத் தமிழ்நாடு 2018-ல் ஒடிசாவிலும் 2023-ல் பஞ்சாபிலும் ஜெயித்தது. இந்த இழையில் இத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள், பெண்கள் ஆடிய ஒரு ஆட்டத்தையாவது யாராவது மைதானத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

---

அரசலாற்றங்கரை

பார்த்ததில்லை அக்கா. பொய் சொல்ல மாட்டேன்.

ஆற்றங்கரையில் எங்கள் டோர்னமென்ட்டுக்குப் பெண்கள் வருவது உண்டு, ஆனால் பாலத்து மேலே நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். ஏன் கீழே இறங்குவதில்லை என்று நான் இதுவரை யோசித்ததே இல்லை.

---

தேக்கா_ஞாயிறு (சிங்கப்பூர், சொந்த ஊர் பாபநாசம் பக்கம்)

மாயவரத்து அக்கா சொன்னது சரி. ஆனால் சின்ன மைதானம் என்றால் வசதி இருக்காது என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? இங்கே ஜாலான் புசார் என்று ஒரு ஸ்டேடியம், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து போகிற தூரம். மொத்தம் ஆறாயிரம் இடம்தான். செயற்கைப் புல், ஓட்டத் தடம் கிடையாது, கோச் கத்துவது காதில் விழும். கழிப்பறை நம் ஊர்க் கல்யாண மண்டபத்தை விடச் சுத்தம். தெம்பனிஸில் நூலகம், கிளினிக், சாப்பாட்டுக் கடை எல்லாம் சுற்றி இருக்க, நடுவில் ஐயாயிரம் பேர் உட்காரும் மைதானம். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு ஆட்டம் பார்த்துவிட்டு வரலாம்.

காலாங்கில் இருக்கும் பெரிய ஸ்டேடியம் 55,000 பேருக்கு. 2014-ல் திறந்தார்கள், கூரையை மூடித் திறக்கலாம், உட்காரும் இடத்துக்குக் குளிர்காற்று வருகிறது. எனக்கு முன்னால் வந்த ஊர்ப் பெரியவர்கள் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்கு 1973-ல் கட்டிய பழைய ஸ்டேடியம்தான் ஸ்டேடியம். மலேசியக் கோப்பை ஆட்டத்தில் எழும்பும் இரைச்சலுக்கு 'காலாங் கர்ஜனை' என்றே பெயர் இருந்ததாம். என்னோடு கப்பல் பட்டறையில் வேலை பார்த்த ஒரு மாமா, அந்த ஸ்டேடியத்தை 2007-ல் மூடியபோது ஏதோ சாவு வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி இரண்டு நாள் பேசவில்லை.

---

தோஹா_பைப் (திருவாரூர், இப்போது தோஹா)

2022 உலகக்கோப்பை இங்கே நடந்தபோது கத்தாரில் வேலை செய்கிறவர்களுக்கு 40 ரியாலில் டிக்கெட் கொடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டிய இடத்தில் நாங்கள் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவில் உட்கார்ந்தோம்.

974 என்ற ஸ்டேடியத்துக்குப் போனேன். கப்பல் கன்டெய்னர்களை அடுக்கிக் கட்டியது. கன்டெய்னர் எண்ணிக்கையும் 974, நாட்டின் டெலிபோன் கோடும் அதே. உலகக்கோப்பை நடந்த எட்டு ஸ்டேடியத்தில் அதற்கு மட்டும் ஏசி கிடையாது, கடற்காற்றுதான். நம் ஊர்த் திண்ணை மாதிரி இருந்தது.

இன்னொரு ஸ்டேடியத்தில் குழாய் வேலை செய்த கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்குள் ஆட்டம் பார்க்கப் போனபோது என்ன ஆயிற்று தெரியுமா? உலகமே பந்தைப் பார்க்கிறது, நான் அண்ணாந்து, நாங்கள் மாட்டிய கிளாம்ப் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வளைவில் ஒன்று கொஞ்சம் சாய்வு. அது நான் மாட்டியதில்லை. அந்த வெயிலில் நின்ற ஆட்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஃபைனல் லுசைல் ஸ்டேடியத்தில், 88,966 பேர். அதை நான் பார்த்தது கேம்ப் சாப்பாட்டு ஹாலில், புரொஜெக்டரில். பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டு கோல் போட்டாரே, அப்போது மேஜை ஒன்று உடைந்தது. மேட்ச் டே என்றால் எனக்கு ஞாபகம் வருவது அந்த மேஜைதான்.

---

கல்லணை_கீப்பர்

ஆற்றோர மைதானம் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி டவுன் என்று ஒரு சின்ன கிளப். அவர்களுடைய பழைய மைதானம் கே மெடோ, செவர்ன் ஆற்றை ஒட்டியே இருந்தது. 1910-லிருந்து 2007 வரை அங்கேதான் ஆடினார்கள். பந்து கூரையைத் தாண்டினால் நேராக ஆற்றில். அதற்கென்றே ஒரு ஆள், பரிசலோடு. ஆமாம், பரிசல். ஒகேனக்கலில் போகிறதே, கிட்டத்தட்ட அதேதான். பந்தைப் பிடித்து வந்தால் காசு.

படித்துவிட்டு இடம் கொள்ளாத சிரிப்பு எனக்கு. எங்கள் பள்ளிக்கூட கிரவுண்டு ஓரம் வாய்க்கால். ஆடி மாதத்தில் பந்து விழுந்தால் அடுத்த ஊர் மதகு வரைக்கும் போய்விடும். அதை நீந்திப் பிடிக்க ஒரு பையன் இருந்தான். டீமில் அவனுக்கு இடம் கிடையாது, ஆனால் அவன் வரவில்லை என்றால் மேட்ச் கிடையாது. சம்பளம் ஒரு ரோஸ்மில்க். அவன் இப்போது பஞ்சாயத்து கவுன்சிலர்.

---

உளுந்து_வயல் (நீடாமங்கலம் பக்கம்)

மலப்புறத்தில் அறுவடை முடிந்த வயலில் மூங்கிலும் பாக்குமரமும் வைத்து கேலரி கட்டி, ராத்திரி விளக்குப் போட்டு, பக்கத்துக்கு ஏழு பேராக செவன்ஸ் ஆடுகிறார்களே, ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்களைக் கூட்டிவருகிறார்களே, இத்தனை வயல் இருக்கிற டெல்டாவில் ஏன் இல்லை என்று போன வருஷம் யாரோ இங்கே கேட்டார்கள். அப்போதே பதில் எழுத நினைத்தேன்.

சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவோம். கதிர் அறுத்து முடித்த அன்றைக்கு அடியில் உளுந்து முளைத்து நிற்கும். அதில் போய்ப் பந்து ஆடினால் பையனுக்குக் கால் இருக்காது. வயல் கிடைப்பது உளுந்து எடுத்த பிறகு, சித்திரை வெயிலில். அப்போது பாளம் பாளமாக வெடித்து, விரிசலில் கணுக்கால் இறங்கும். நம்முடையது களிமண் சாமி.

டிவியில் தெரிகிற மைதானங்களில் புல்லுக்கு அடியில் மணல்தான் அதிகம். தண்ணீர் உடனே கீழே இறங்க வேண்டும், அதற்காக. நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும், பந்துக்கு நிற்கக் கூடாது. டெல்டாவில் பந்து ஆடத் தோதான மண் ஆற்றுக்குள் மட்டும்தான் இருந்தது. அதையும் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ஊர் வெண்ணாற்றில் நான் சின்ன வயசில் ஆடிய இடத்தில் இப்போது நாணல், கருவை, ஆள் உயரப் பள்ளம்.

---

மகாமகக்குளம்_வடகரை (கும்பகோணம்)

நின்றுகொண்டு பார்ப்பதில்தான் சுகம் என்று அதிரைத் தம்பி எழுதியதைப் படித்தேன். 1992 மகாமகத்தில் எனக்குப் பதினொரு வயது. எங்கள் தெருவில்தான் நெரிசல். ஏறக்குறைய ஐம்பது பேர் போனார்கள். முன்னால் ஆள் விழுந்தது பின்னால் தள்ளுகிறவனுக்குத் தெரியாது. அவன் கெட்டவன் இல்லை, அவனை இன்னொருத்தன் தள்ளுகிறான். ஆனால் கூட்டத்தை அங்கே வர விட்டது யார் என்ற கேள்வி இருக்கிறது.

இங்கிலாந்தில் ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்தில் 1989 ஏப்ரல் 15-ல் நடந்ததும் அதே கணக்குதான். நிற்கும் இடத்தைக் கம்பிவேலி போட்டுப் பட்டியாகப் பிரித்திருந்தார்கள். வெளியே நெரிசல் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டதும், கூட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப்பட்டிக்குள் போய்விட்டது. 97 பேர் செத்தார்கள். பல வருஷம் பழியை ரசிகர்கள் மேலேயே போட்டார்கள், 2016-ல்தான் விசாரணை அது அவர்கள் தப்பில்லை என்று சொன்னது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் அங்கே பெரிய கிளப்புகளுக்கெல்லாம் எல்லோருக்கும் நாற்காலி என்று சட்டம் வந்தது.

கொல்கத்தாவிலும் 1980 ஆகஸ்ட் 16-ல் ஈடன் கார்டன்ஸில் 16 பேர். பொன்மலை ஐயாவுக்குத் தெரிந்திருக்கும்.

---

பொன்மலை_ரயில்வே

தெரியும். நான் அங்கே போன காலத்திலும் அந்தத் தேதியில் ரத்ததானம் நடக்கும். நானும் ஒரு தடவை கொடுத்தேன்.

---

அதிரை_லெஃப்ட்விங்

மன்னிக்கணும் காக்கா, அந்த யோசனை இல்லாமல் எழுதிவிட்டேன். ஆனால் ஜெர்மனியில் இன்னும் நிற்கிறார்களே. டோர்ட்மண்டில் ஒரே பக்கத்தில் 24,454 பேர் நிற்கலாம், 'மஞ்சள் சுவர்' என்பார்கள். இடையிடையே இடுப்பு உயரத்துக்குக் கம்பி இருக்கிறது, ஒரேயடியாகச் சாய முடியாது. இங்கிலாந்திலும் 2022 ஜனவரியிலிருந்து சில இடங்களில் கம்பி வைத்து நிற்க விடுகிறார்கள். நிற்பதில் தப்பில்லை, எண்ணாமல் உள்ளே விடுவதில்தான் தப்பு.

இன்னொன்று படித்தேன். யூனியன் பெர்லின் என்ற கிளப்புக்கு ஸ்டேடியத்தைச் சீரமைக்கக் காசில்லை. 2008-09-ல் ரசிகர்களே இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்து சிமென்ட் குழைத்துக் கட்டினார்கள். மொத்தம் 1,40,000 மணி நேரம் வேலை. இன்றைக்கும் அங்கே இருக்கிற சுமார் 22,000 இடத்தில் பதினெட்டாயிரம் நிற்கிற இடம். நாம் ஏன் அரசலாற்றில் அப்படி ஒன்று கட்டக் கூடாது?

---

உளுந்து_வயல்

ஆற்றுக்குள்ளயா? ஜூன் மாசம் பார்த்துக்கலாம் தம்பி.

---

அரசலாற்றங்கரை

ஜூன் என்றதும் 2022-ஐச் சொல்லியே ஆக வேண்டும். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் என்று கணக்குப் போட்டு, ஃபைனலை மே 29 ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தோம். நோட்டீஸ் அடித்தாயிற்று. மைக் செட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. அந்த வருஷம் பார்த்து மே 24-லேயே திறந்துவிட்டார்கள். விவசாயிக்கு நல்ல சேதி. என் அப்பா சந்தோஷத்தில் கோயிலுக்குப் போனார், நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எப்படியும் நம் இடத்துக்கு வர ஒரு வாரம் ஆகும் என்று கமிட்டியில் பாதிப் பேர். ஞாயிறு காலையில் கோடு போடப் போனோம். மேற்கே பாலத்துக்கு அடியில் ஏதோ பழுப்பாகப் பாய் விரிக்கிற மாதிரி வந்தது. முதல் தண்ணீர் சத்தமே போடாது. நுரையும் சருகும் செருப்பும் முன்னால் தள்ளிக்கொண்டு, மணலில் குடித்துக் குடித்து, ஒரு முழம் ஒரு முழமாக நகரும். சென்டர் வட்டத்துச் சுண்ணாம்பு கரைகிற வரைக்கும் நின்று பார்த்தோம். கிழக்கு போஸ்டைப் பிடுங்கிவிட்டோம். மேற்கு போஸ்டில் ஒரு கம்பு போனது போனதுதான். எதிர் டீம் கீப்பர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கித் தண்ணீரைத் தொட்டுக் கும்பிட்டான். அவனுக்கும் நாலு மா நிலம் இருக்கிறது.

ஃபைனல் நடக்கவே இல்லை. கோப்பை ஆறு மாதம் அவர்கள் ஊரில், ஆறு மாதம் எங்கள் ஊரில். அவர்கள் முறை முடிந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் கொடுக்கவில்லை.

அக்கா, இந்தத் தடவை கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். கரையில் ரைஸ் மில்காரர் வீட்டுக் கழிப்பறையை அன்றைக்குத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். படித்துறைப் பக்கம் பந்தல் போட்டுப் பெண்களுக்கு விடுகிறோம். அது போதுமா?

---

மாயவரத்துக்காரி

பந்தல் நிழலுக்கு வேண்டுமானால் போடுங்கள், தனியாக ஒதுக்க வேண்டாம். கழிப்பறைக்குள் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று மட்டும் நீங்களே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அப்புறம் ஃபைனலுக்கு முன்னால் பெண்களுக்கு ஒரு அரை மணி நேர ஆட்டம் வையுங்கள். எங்கள் பக்கம் பதினாலு பிள்ளைகள் இருக்கிறார்கள், வேன் நான் ஏற்பாடு செய்கிறேன்.

---

அரசலாற்றங்கரை

தாழ்ப்பாள் இல்லை, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். நாளைக்குப் போட்டுவிடுகிறோம். ஆட்டம் உண்டு, மே முதல் ஞாயிறு, மூன்று மணி.

---

நீலச்சட்டை_நாகை

நெட் இருக்கிறதா? எங்கள் துறையில் கழித்துப்போட்ட வலை கிடக்கிறது. கொண்டுவருகிறேன்.

---

அதிரை_லெஃப்ட்விங்

மஞ்சள் கலரா பார்த்துக் கொண்டுவாங்க.